பார், எடு, துடை

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். தங்கவயலில் அம்மாவோடு இருக்கிறாள், தமிழ் வாசிப்பாள். ஒருநாள் இது அவள் கண்ணில் படலாம்.

தொம்மலூரில் ஒரு பேக்கரிக்கு மேல், முதல் மாடியில் இருந்தது நாங்கள் வேலை பார்த்த லேப்டாப் சர்வீஸ் கடை. முதலாளி கன்னடக்காரர். பழுது பார்ப்பவர்கள் இருவர், பெயர் எழுதாத இவரும் சுரேஷும். நான் கவுண்டரில் உட்கார்ந்து மெஷினை வாங்கி வைத்துச் சீட்டு எழுதிக் கொடுக்க வந்தவள். ஆறு மாதத்தில் நானும் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க ஆரம்பித்துவிட்டேன். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை ஏம்மா என்பார்.

ஜோகுபாளையத்துக்காரர். குள்ளம், ஒல்லி. வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பட்டன் மாட்டியிருப்பார். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். கடுகளவு ஸ்க்ரூவை எடுக்கும்போது உயிருள்ள பூச்சியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் எடுப்பார். மெஷினிடம் அவருக்கு அவசரமே கிடையாது. மனிதர்களிடம் நேர்மாறு. "வாய் நாளெல்லாம் பேசும். கை ஒரே தடவைதான் பேசும்" என்று அடிக்கடி சொல்வார். நாங்கள் சிரிப்போம். முதலாளிகூடச் சிரிப்பார்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் அந்தக் கை பேசியதை முதல்முறை பார்த்தேன்.

வயதான ஒருவர் லேப்டாப் கொண்டுவந்திருந்தார். விண்டோஸ் பாதியில் நின்றுபோகிறது, சரிசெய்தால் போதும் என்றார். அப்போது கடையில் எட்டு பென்டிரைவ்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம், அடையாளத்துக்கு ஒவ்வொரு நிற ஸ்டிக்கர். பச்சை ஸ்டிக்கர் புது மெஷின்களுக்கானது. அதைச் செருகி ஆன் செய்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் டிஸ்க்கை வழித்துவிட்டு விண்டோஸை ஏற்றிவிடும். சுரேஷ் ஏதோ ஞாபகத்தில் பச்சையைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்தபோது மெஷின் புதிதாகப் பளபளத்தது. அழிந்துபோனது செத்துப்போன மனைவியின் குரல். அந்தப் பெரியவர் அந்தம்மா உயிரோடிருந்தபோது பேசியதையெல்லாம் பதிவுபண்ணி வைத்திருந்தாராம்.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் எழுந்தார். சுரேஷ் "சாரிண்ணா" என்று முடிப்பதற்குள் அறை விழுந்தது. மூக்குக்கண்ணாடி பறந்து பிரிண்டருக்கு அடியில் போனது. புறங்கையால் இன்னொன்று. உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. கீழே பேக்கரியில் மூட்டை ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்தார்களாம்.

அதற்குப் பிறகு இரண்டரை நாள் அந்த டிஸ்க்கின் முன்னால் அசையாமல் உட்கார்ந்தார். அழிந்ததை ஓரளவு மீட்டார். ஆனால் எல்லாக் கோப்புகளும் பெயரிழந்து வெறும் எண்களாக வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுப் பெயர் போட்டார். காதில் ஹெட்ஃபோனோடு, "இது பால்காரர்கிட்ட பேசறது... இது பாட்டு... இதுல அந்தம்மா இருமுறாங்க, இதையும் வெச்சுக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். பெரியவர் வந்து வாங்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதே கை.

"அடிச்சது நியாயம்தான், தப்பு என்னுது" என்று சுரேஷே சொன்னான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு அறையில் எல்லாம் எப்படி ஒழுங்காகிவிட்டது பார் என்றுகூட நினைத்தேன்.

பெரியவர் போனதும் அண்ணன் எட்டு பென்டிரைவ்களையும் தரையில் வரிசையாக வைத்துச் சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்து நொறுக்கினார். சுரேஷ் ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடித் திறந்தான். மறுநாள் புதிதாக ஒன்றே ஒன்று வாங்கிவந்தார். இரும்பு உடம்பு, நிறைய இடம்.

"எட்டு இருந்தாத்தானே மாத்திச் செருகுவீங்க? இனிமே ஒண்ணுதான்."

பழைய முறையில் ஒரு டிரைவில் ஒரு சிஸ்டத்தைத்தான் எழுத முடியும். இது வேறு. இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளை அதில் ஒரே முறை ஏற்றினார். அது டிரைவை இரண்டாகப் பிரித்து, சின்னப் பகுதியில் தான் குடியேறிக்கொண்டு பெரிய பகுதியைக் காலியாக விட்டது. அந்தக் காலியிடத்தில் விண்டோஸ் மூன்று வகை, லினக்ஸ் இரண்டு, வைரஸ் தேடுவது, டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பது என்று எல்லாக் கோப்புகளையும், பாட்டைக் காப்பி பண்ணுவதுபோலப் போட்டார். வேண்டாததை அழிக்கலாம், புதிதாக வந்ததைப் போடலாம், திரும்ப எழுத வேண்டியதே இல்லை. மெஷினை ஆன் செய்து எந்த டிரைவிலிருந்து எழ வேண்டும் என்று காட்டினால் எல்லாமே பட்டியலாகத் திரையில் வரும். வேண்டியதை அம்புக்குறியால் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். கடையிலிருந்த பழைய மெஷின், புது மெஷின் எல்லாவற்றிலும் செருகிப் பார்த்தார். புதுசுகள் சில தெரியாத ஆளை உள்ளே விடமாட்டேன் என்று மறுத்தன. அவற்றின் பாதுகாப்பு அமைப்புக்குள் போய் அனுமதி கொடுத்தார்.

பட்டியலுக்கு அவர் வைத்த பெயர்கள்தான் வேடிக்கை. ஆங்கில எழுத்தில் தமிழ். முதலில் வருவதெல்லாம் 'பார்'. டிஸ்க்கைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே ஓடி, உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் காட்டுகிற லினக்ஸ். அடுத்தது 'எடு', நகலெடுப்பவை. கடைசியில் 'துடை', அழித்து ஏற்றுபவை. முப்பது விநாடி யாரும் எதையும் தொடாவிட்டால் தானாகவே 'பார்'க்குப் போய்விடும்.

"ஆளு தூங்கிட்டாலும் தப்பு நடக்கக் கூடாதும்மா" என்றார்.

இன்றைக்கும் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அதைவிட நல்ல முறையை யாரும் எனக்குக் காட்டவில்லை.

சிவாஜிநகர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். மெமரி கார்டுகளும் கேபிள்களும் வாங்க நாங்கள் இருவரும் போயிருந்தோம். பட்டப்பகல். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கூட்டம். பின்னாலிருந்து ஒருவன் என் இடுப்பில் கை வைத்தான். நான் துள்ளியதை அண்ணன் பார்த்துவிட்டார். அவன் கையைப் பிடித்து முதுகுப் பக்கம் திருகினார். 'டக்'கென்று ஒரு சத்தம். அவன் கத்தினான். கீழே தள்ளி முகத்தில் மிதித்தார். கூட்டம் முதலில் உற்சாகமாகப் பார்த்தது. "மாரோ பாய், மாரோ" என்று ஒரு துணிக்கடைக்காரர் இன்னும் அடிக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். என்னை எத்தனையோ பேர் இடித்திருக்கிறார்கள்; எனக்காக ஒருத்தர் கை ஓங்கியது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அவர் நிறுத்தவில்லை. அவன் கும்பிட்டான். பல்லைத் துப்பினான். குரல் கொடுத்த துணிக்கடைக்காரரே "பஸ் கரோ, மர் ஜாயேகா", போதும் விடு என்று பதற ஆரம்பித்தார். செத்துப்போவான் என்று எனக்கும் பயம் வந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். கை ஓங்கியிருந்தது. அந்தக் கண்ணுக்கு நான் யாரென்று தெரியவில்லை. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு கை இறங்கியது.

"வாம்மா, டீ குடிக்கலாம்" என்றார்.

டீ குடித்தோம். அவர் கிளாஸ் ஆடவே இல்லை. எனக்குத்தான் புடவையெல்லாம் டீ.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவர் என்னைக் காப்பாற்றியதை மட்டும் சொன்னேன்.

அடுத்த வருஷம் ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, நல்ல தமிழ். கையில் பழைய லேப்டாப்.

"ஒய்ஃபோடது. பாஸ்வேர்டு மறந்துட்டா. ஃபுல்லா க்ளீன் பண்ணிக் குடுங்க, வெயிட் பண்றேன்."

"பாத்துட்டுப் பண்றேன் சார்" என்றார் அண்ணன்.

"பாக்கவெல்லாம் வேணாம். ஃபார்மட்தான்."

"பாக்காம நான் தொடைக்கிறதில்ல சார். உக்காருங்க."

பென்டிரைவைச் செருகி, 'பார்' போட்டார். டிஸ்க் பூட்டப்படாத பழைய மெஷின். கடவுச்சொல் இல்லாமலே உள்ளே இருப்பது தெரிந்தது. 'கரண்ட் பில்' என்று ஒரு ஃபோல்டர். கரண்ட் பில்லுக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று திறந்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு பெண்ணின் கழுத்து, தோள், வீங்கிய கண். படத்துக்குப் படம் தேதி. கடைசியில் போலீசுக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த புகார், கீழே அவள் போன் நம்பர்.

அண்ணன் 'எடு' போட்டு எல்லாவற்றையும் நகலெடுத்தார். முழுதாக ஏறிவிட்டதா என்று சரிபார்த்தார். அப்புறம்தான் திரையை அந்த ஆள் பக்கம் திருப்பினார்.

"யார் சார் இது?"

அந்த ஆள் எழுந்து லேப்டாப்பைப் பிடுங்கப் பார்த்தார். அண்ணன் அவர் பிடரியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினார். ஸ்க்ரூ தட்டு கவிழ்ந்தது. நிமிர்த்தியபோது கன்னத்தில் ஸ்க்ரூக்கள் குத்தி நின்றன. மூக்கு ஒரு பக்கமாகப் போயிருந்தது. மறுபடி மோதினார். பிறகு அந்த ஆளின் வலது கையை டிராயருக்குள் வைத்து, காலால் உதைத்து மூடினார். முதலாளி உள்ளேயிருந்து ஓடி வந்து, "பேடாப்பா, பிட்டுபிடு! விட்டுடு!" என்று இரண்டு மொழியிலும் கெஞ்சினார்.

அந்த ஆள் போலீசுக்குப் போகவில்லை. எப்படிப் போவார்? கடையில் அண்ணன் ராஜா ஆகிவிட்டார். பேக்கரிக்காரர் பப்ஸ் கொடுத்தனுப்பினார்.

புகாரிலிருந்த நம்பருக்கு நான்தான் பேசினேன். மறுநாள் அந்தப் பெண் வந்தாள். இடது கையில் புதுக் கட்டு. நகலை வேறொரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

"நேத்து அவர அடிச்சது நீங்கதானா?"

"ஆமாம்மா. அது பத்தாது."

"அதுக்கும் சேத்து எனக்குக் கெடச்சுது" என்று கட்டுப் போட்ட கையைக் காட்டினாள்.

அண்ணன் முகம் கறுத்தது. "அட்ரஸ் குடுங்க. இப்பவே வரேன்" என்று எழுந்தார்.

"வேணாங்க. நீங்க வரவே வேணாம். இது போதும்" என்று பென்டிரைவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அவசரமாகப் படியிறங்கிப் போனாள். அவரிடமிருந்தும் தப்பித்து ஓடுவது போலத்தான் இருந்தது எனக்கு. அன்றைக்கு அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரம். அண்ணன் ஒயிட்ஃபீல்டில் ஒரு ஆபீஸ் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி படியேறி வந்தார். பொங்கலுக்கு ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதிகம் பேசாத அண்ணி.

"அண்ணா இல்லையே அண்ணி, வெளிய போயிருக்காரு."

"தெரியும். அதான் வந்தேன்." கடையைச் சுற்றிப் பார்த்தார். "அந்தம்மாவுக்கு ஃபோட்டோவெல்லாம் எடுத்துக் குடுத்தீங்களாமே?"

"அவங்களே எடுத்து வெச்சிருந்தாங்க. நாங்க காப்பி பண்ணிக் குடுத்தோம்."

"எங்கிட்ட ஃபோட்டோ இல்ல. ஃபோன்ல எடுத்தா அவரு தொறந்து பாத்துடுவாரு." கொஞ்சம் நின்று, "நீ எடுக்கிறியாம்மா?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. பிறகு ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். அண்ணி முந்தானையை இறக்கித் திரும்பி நின்றார். முதுகு முழுக்க வரிவரியாக, வளைந்து வளைந்து தடிப்புகள். சிலது கறுத்து, சிலது இன்னும் சிவப்பாக. அந்த அகலம் எனக்குத் தெரியும். லேப்டாப் சார்ஜர் வயர். நாள் முழுக்க அதைத்தான் நான் சுற்றிக் கட்டி அட்டைப் பெட்டியில் போடுகிறேன்.

"இது எப்போ அண்ணி?"

"அந்தம்மா கதைய வீட்ல வந்து சொன்னாரே, அன்னிக்கு. டிராயர்ல கைய வெச்சு மூடினேன்னு சொன்னாரு. நான் சிரிச்சிட்டேன்." என் பக்கம் திரும்பினார். "ஏன் சிரிச்சேன்னு எனக்கே தெரியலம்மா."

தலைமுடியைப் பிரித்துக் காட்டினார். ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி முளைக்காத இடம். அது கல்யாணமான வருஷத்தது என்றார். என் போனில் பதினோரு படம் எடுத்தேன். அண்ணி சொன்ன இடத்தில் சொன்னபடி ஆடாமல் நின்றார்.

அவற்றை எங்கே வைப்பது? என் போனா, கடைக் கம்ப்யூட்டரா, பென்டிரைவா? மறைக்க எனக்குத் தெரிந்த எல்லா வழியும் அண்ணனிடம் பார்த்துத் தெரிந்துகொண்டது. அழித்தாலும் மீட்டுவிடுவார். கடைசியில் அல்சூரில் ஒரு பெண்மணி நடத்திய ஸ்டுடியோவுக்கு அண்ணியைக் கூட்டிப்போய், காகிதத்தில் பிரிண்ட் போட்டு வாங்கினோம். அந்தப் பெண்மணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவருக்குள் கவராக இரண்டு கவர் போட்டுக் கொடுத்தார். அண்ணி அதை மகளின் பள்ளிப் பைக்குள், புத்தகங்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை மகளைப் பள்ளியிலிருந்து அழைத்தவர் வீட்டுக்குப் போகவில்லை. மகளிர் போலீசில் கவரைக் கொடுத்துவிட்டு, தங்கவயலுக்கு, தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணி. கடையில் முதலாளி, சுரேஷ், நான். அண்ணன் வந்தார். போலீஸ் அவரைக் கூப்பிட்டுப் படங்களைக் காட்டியிருக்கிறார்கள். கவுண்டருக்கு முன்னால் நின்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"பின்னாடி நம்ம ஸ்டோர் ரூம் ரேக் தெரியுது. நீயா எடுத்தே?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமாண்ணா" என்றேன்.

கை வந்ததை நான் பார்க்கவே இல்லை. இடது காதுக்குள் பலூன் வெடித்த மாதிரி இருந்தது. தலை சுவரில் மோதியது. தரையில் கிடக்கும்போது வயிற்றில் மிதி விழுந்தது, இரண்டோ மூன்றோ. மேசைக்கு அடியில் சுருண்டு போனேன். முடியைப் பிடித்து வெளியே இழுத்தார். கழுத்தில் சூடாக எதுவோ வழிந்தது. முதலாளியின் குரல் எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. அண்ணன் குனிந்து என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

"உன்ன ஒருநாளாவது தொட்டிருக்கேனா? ஒருநாளாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? எதுக்கும்மா இப்படிப் பண்ணே?"

என் ரத்தம் அவர் சட்டைக் கையில் இருந்தது. அவர் நிஜமாகவே கேட்டார். அதுதான் இன்னும் என்னை விடவில்லை.

சுரேஷ்தான் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். அவன் விலாவில் முழங்கையால் எத்தனை குத்து விழுந்தும் விடவில்லை. பேக்கரியிலிருந்து ஆட்கள் வரும்வரை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தான்.

காது ஜவ்வு கிழிந்து உள்ளேயும் அடிபட்டிருந்தது. ஒரு ஆபரேஷன் செய்தார்கள். அந்தப் பக்கம் இனிக் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"கம்ப்ளெய்ன்ட் வேண்டாம்மா. நம்ம ஆளு. கோவத்துல பண்ணிட்டான். ஒனக்காக சிவாஜிநகர்ல அடிச்சவன்தானே?"

"அதே அடிதான் சார்" என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, பழத்தை வைத்துவிட்டுப் போனார். போலீஸ் விசாரித்தபோது தான் உள்ளறையில் இருந்ததாகச் சொன்னார். சுரேஷ் மட்டும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டான். அடுத்த மாதம் இருவரும் அந்தக் கடையை விட்டோம்.

அண்ணி தங்கவயலில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மாதத்துக்கு ஒருமுறை பேசுவோம். போனை வலது காதில் வைத்துக்கொள்வேன். மகளின் படிப்பைப் பற்றிச் சொல்வார், தண்ணீர் கஷ்டத்தைச் சொல்வார். அண்ணனைப் பற்றிப் பேச மாட்டோம்.

கேஸ் விசாரணைக்கு வரக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆனது. கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணிக்கு வேறு நாள். அன்றைக்குச் சாட்சி சொல்ல வேண்டியது நான் மட்டும்தான். அண்ணன் ஜாமீனில் வெளியே இருந்தார். தூணுக்கு அந்தப் பக்கம் வக்கீலோடு நின்றவரை நான் முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. முன் தலை நரைத்திருந்தது. முழுக்கைச் சட்டையின் பட்டன் மட்டும் அப்படியே.

பக்கத்தில் ஆள் வந்து நின்ற நிழலைப் பார்த்துத்தான் திரும்பினேன். என் உடம்பு தானாகப் பின்னால் போய்ப் பெஞ்சின் மூலையில் ஒட்டிக்கொண்டது. அவர் அதைப் பார்த்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு குனிந்து பேச ஆரம்பித்தார். மெதுவாக, நீளமாக, நிறுத்தி நிறுத்தி. உதடு நடுங்கியது. மன்னிப்புக் கேட்டாரோ, மகளைப் பற்றி விசாரித்தாரோ, சாட்சி சொல்ல வேண்டாமென்று கெஞ்சினாரோ, மிரட்டினாரோ, தெரியாது. அவர் நின்றது என் இடது பக்கம். வராந்தா முழுக்கக் கூட்டத்தின் இரைச்சல். ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை.

அவருக்கு அது தெரியவில்லை. பேசி முடித்துவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தலையைக் கொஞ்சம் திருப்பி, இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கள் அண்ணா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நான் சொல்லவில்லை.

உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய், நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்.